நிலம் மாறும்போது மலேரியாக் கொசு என்ன ஆகிறது?

1901-ஆம் ஆண்டில் மலாயாவின் கிள்ளான் நகரத்துக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், ஊரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்து, அடர்ந்திருந்த காட்டையும் அகற்றச் செய்தார். செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கிள்ளானில் காய்ச்சல் விரைவாகத் தணிந்தது. கடற்கரையை ஒட்டிய தாழ்நிலத்து ரப்பர் தோட்டங்களிலும் காடு வெட்டி நீரை வடித்த பிறகு மலேரியா குறைந்தது. அதே வேலையை மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோதோ காய்ச்சல் குறையவில்லை. காடு வெட்டிய இடங்களில் அது வேரூன்றிக் கொண்டது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள் என்பதையும், அந்தக் காய்ச்சலில் மாண்டவர்களிலும் அவர்கள் மிகுதி என்பதையும் தமிழில் இதைப் படிக்கும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரே வேலை இரு வேறு விளைவுகளைத் தந்ததன் காரணம், இரண்டு இடங்களிலும் மலேரியாவைப் பரப்பிய கொசு வெவ்வேறு என்பதுதான். தாழ்நிலத்தில் நோய் பரப்பிய அனாபிலிஸ் அம்புரோசஸ், மர நிழலில் தேங்கிய கறுத்த சதுப்பு நீரில் முட்டையிடும் கொசு. நிழலும் தேங்கிய நீரும் போனதும் அதன் பிழைப்பும் போயிற்று. மலைச்சரிவில் நோய் பரப்பிய அனாபிலிஸ் மாக்குலேட்டஸ், வெயில் படும் தெளிந்த ஊற்றுகளிலும் ஓடை ஓரங்களிலும் முட்டையிடும் கொசு. காடு மூடியிருந்தவரை அந்த ஓடைகளில் அதற்கு இடமில்லை. மரங்கள் வெட்டப்பட்டு ஓடைகளின்மேல் வெயில் விழத் தொடங்கியதும், அதுவரை அடைந்து கிடந்த வீட்டின் கதவு திறந்ததைப்போல அது உள்ளே வந்து குடியேறியது. நிலமாற்றத்துக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலேயே இருக்கிறது: இந்த இடத்தில் நோயைப் பரப்புவது எந்தக் கொசு?

அந்தக் கேள்வியின் எடையை உணர, கொசுவின் வாழ்க்கையைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். மனித மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த கொசுக்கள் மட்டுமே. அப்பேரினத்தில் 400-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 40 இனங்களே மலேரியா பரவலில் பெரும் பங்கு வகிக்கின்றன. பெண் கொசு முட்டைகளை நீர்ப்பரப்பின்மேல் இடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு, மற்றக் கொசுப் புழுக்களைப்போல நீருக்குள் தலைகீழாகத் தொங்காமல், நீரின் மேற்பரப்பை ஒட்டிப் படுத்தவாறு மிதந்து, பாசி நுண்ணுயிர்களைத் தின்று வளரும். பிறகு கூட்டுப்புழுவாகி, வெப்பமான பகுதிகளில் ஒன்றிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் சிறகு முளைத்துப் பறந்துவிடும். ஆகவே, நீரின்மேல் எவ்வளவு வெயில் விழுகிறது, நீர் எவ்வளவு சூடாகிறது, ஓடுகிறதா நிற்கிறதா, உப்பா நன்னீரா, எத்தனை நாள் வற்றாமல் இருக்கிறது, அதில் மீனும் தும்பியின் இளம்புழுவும் இருக்கின்றனவா என்பவையே கொசுவின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. காடு வெட்டுதல், சாலை போடுதல், அணை கட்டுதல், வயல் அமைத்தல் என நாம் நிலத்தின்மேல் செய்யும் ஏறத்தாழ ஒவ்வொரு வேலையும் இவற்றில் ஏதேனும் ஒன்றை மாற்றிவிடுகிறது.

இவற்றுள் வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் அதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கொசு ஒரு நோயாளியைக் கடித்தவுடன் அடுத்த ஆளுக்கு நோயைக் கொடுத்துவிட முடியாது. உறிஞ்சிய ஒட்டுண்ணி கொசுவின் உடலுக்குள் வளர்ந்து, அதன் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சென்றடைய வேண்டும். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதைச் சுற்றுப்புற வெப்பமே முடிவு செய்கிறது. மலேரியா ஒட்டுண்ணிகளில் மிகக் கொடிய பால்சிபாரம், 25 டிகிரி செல்சியஸில் சுமார் 12 நாளில் இந்த வளர்ச்சியை முடிக்கும். 22 டிகிரியில் அதற்கு 18, 19 நாள்கள் தேவை. 20 டிகிரியில் ஏறத்தாழ 4 வாரங்கள். 16 டிகிரியை நெருங்கும்போது வளர்ச்சி நின்றே போகிறது. இனி, ஒவ்வொரு நாளும் பத்தில் ஒரு கொசு இறக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். நோயாளியைக் கடித்த 100 கொசுக்களில், 20 டிகிரி குளிரில் ஒட்டுண்ணி முதிரும் நாள்வரை உயிரோடிருப்பவை ஏறத்தாழ 5. 22 டிகிரியில் 14. 25 டிகிரியில் 27. கொசுக்களின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடாமல், இரண்டு டிகிரி வெப்பம் மட்டும் கூடினாலே நோயைப் பரப்பவல்ல கொசுக்கள் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடுகின்றன.

இந்தக் கணக்கு கிழக்கு ஆப்பிரிக்காவின் உயர்நிலங்களில் கண்கூடாக நடக்கிறது. உகாண்டாவின் தென்மேற்கிலுள்ள கபாலே பகுதி குளிர்ந்த மலைநாடு. அதன் பள்ளத்தாக்குகளில் பாப்பிரஸ் கோரை அடர்ந்த சதுப்பு நிலங்கள் இருந்தன. அச்சதுப்புகளை வடித்துப் பயிரிட்ட பகுதிகளையும், இயற்கையாக விட்டுவைத்த பகுதிகளையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, பயிரிட்ட சதுப்பை ஒட்டிய ஊர்களில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை கூடுதலாக இருந்ததையும், மலேரியா பரவலுக்கான வாய்ப்பு அங்கே மிகுந்ததையும் கண்டார்கள். மேற்குக் கென்யாவின் உயர்நிலங்களிலும் இதே கதைதான். மரங்கள் இருந்த இடத்தில் குளிர்ந்து கிடந்த குட்டைகள், மரங்கள் போனதும் வெயிலில் சூடாகி, அனாபிலிஸ் காம்பியே புழுக்களை விரைவாக வளர்த்து அனுப்பின. வெட்டவெளி ஊர்களில் வீட்டின் உட்புற வெப்பமும் உயர்ந்ததால், சுவரில் ஓய்ந்திருக்கும் கொசுவுக்குள் ஒட்டுண்ணி முதிர்வதும் விரைவாயிற்று. காம்பியே என்னும் இந்தக் கொசு மனித இரத்தத்தையே பெரிதும் விரும்பும். மாட்டின் குளம்பு பதிந்த பள்ளத்தில் தேங்கிய மழைநீரே இதற்குப் போதும். அப்படிப்பட்ட சிறு பள்ளங்கள் சில நாளில் வற்றிவிடுவதால், புழுக்களைத் தின்னும் உயிரினங்கள் வந்து நிலைகொள்வதற்கு முன்பே கொசு பறந்துவிடுகிறது. புற்றரை மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும். மிதிபட்டு இறுகிய வெற்று மண் உறிஞ்சாது. அதனால்தான் மேய்ச்சல் தடங்களும் செங்கல்லுக்கு மண் எடுத்த குழிகளும் அங்கே இவ்வளவு முக்கியமாகின்றன.

அமேசான் காட்டின் நிலை வேறு வகையானது. அங்கே மலேரியாவின் முதன்மைப் பரப்பியான அனாபிலிஸ் டார்லிங்கி, அடர்காட்டின் உள்ளே அவ்வளவாகக் காணப்படுவதில்லை. காடும் வெளியும் சந்திக்கும் விளிம்புதான் அதன் இடம். பெருவின் இக்கிட்டோஸ் நகரிலிருந்து நவுத்தாவுக்குச் செல்லும் சாலையை ஒட்டி நடந்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. காடு அழிந்த இடங்களில் இக்கொசு மனிதரைக் கடிக்கும் வீதம், பெரும்பாலும் காடாகவே இருந்த இடங்களைவிட 278 மடங்குக்கும் மேல் என்று அது கணக்கிட்டது. சாலை போடும்போது ஓடைகளின் நீர் தடைபட்டுத் தேங்குகிறது. மீன் வளர்க்கக் குளம் வெட்டுகிறார்கள். பொன் தோண்டிய குழிகள் நீர் நிரம்பிக் கிடக்கின்றன. இவை எல்லாமே பாதி வெயிலும் பாதி நிழலுமாக, ஓரங்களில் பாசியும் சருகும் மிதக்கும் தெளிநீர். டார்லிங்கி விரும்புவதும் அதைத்தான். அந்தச் சாலை வழியாகவே புதிய குடியேற்றக்காரர்களும் வருகிறார்கள். அவர்களின் உடலில் மலேரியாவைத் தாங்கும் எதிர்ப்பாற்றல் இல்லை. முதல் ஆண்டுகளில் அவர்கள் தங்கும் குடிசைகளுக்குச் சுவர்கள்கூட முழுமையாக இருப்பதில்லை. மருத்துவமனை தொலைவில் இருக்கிறது. பிரேசிலில் இதனை எல்லைப்புற மலேரியா என்று அழைக்கிறார்கள். சில ஆண்டுகள் சென்று, காடு தொலைவுக்கு நகர்ந்து, வீடுகள் உறுதியாகி, ஊர் நிலைபெறும்போது காய்ச்சல் பெரும்பாலும் குறைகிறது. அப்போது புதிய விளிம்பில் புதியவர்களுக்கு அது மறுபடி தொடங்கியிருக்கும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, காட்டை அழித்தால் மலேரியா பெருகும் என்று ஒரே வரியில் முடித்துவிட ஆசை எழுவது இயல்பு. காடுகளைக் காக்க வேண்டும் என்று விரும்பும் எனக்கும் அந்த வரி உவப்பானதே. ஆயினும் அது முழு உண்மையாகாது. தாய்லாந்து, மியன்மார், கம்போடியா ஆகிய நாடுகளின் காடுகளில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் டைரஸ், அடர்ந்த நிழலில் காட்டுத் தரையில் தேங்கும் சிறு குட்டைகளிலும், விலங்குகளின் காலடிப் பள்ளங்களிலும், வண்டிச் சக்கரத் தடங்களிலும் முட்டையிடுகிறது. காடு அழிந்து காற்றின் ஈரம் குறைந்தால் இக்கொசு நிலைத்திருக்க முடியாது. பல இடங்களில் காடு போனதோடு டைரஸும் போயிற்று. அதே நிலத்தில் ரப்பரோ பழமரங்களோ நட்டு, அவை உயர்ந்து நிழல் மூடும்போது டைரஸ் திரும்பி வருவதும் உண்டு. ரப்பர் மரத்தில் பால்வெட்டுவோர் விடியலுக்கு முன்பே வேலைக்குச் செல்வதால், கொசு கடிக்கும் நேரமும் அவர்கள் வேலை நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

மரம் நட்டதே மலேரியாவுக்கு வழியான இடமும் இருக்கிறது. டிரினிடாட் தீவில் கொக்கோச் செடிகளுக்கு நிழல் தருவதற்காக முருக்கு இன மரங்களை வளர்த்தார்கள். அம்மரங்களின் கிளைகளில் புரோமெலியாட் என்னும் ஒட்டுச் செடிகள் ஏராளமாகத் தொற்றிக்கொண்டன. அன்னாசியின் உறவான இச்செடிகளின் இலைகள் அடியில் ஒன்றையொன்று தழுவிக் கிண்ணம்போல் அமைந்திருக்கும். மழைநீர் அதில் தேங்கும். அனாபிலிஸ் பெல்லேட்டர் என்னும் கொசு அந்த நீரில்தான் முட்டையிடும். தரையில் உள்ள குட்டைகளை எத்தனை வடித்தாலும் பயனில்லை, ஏனெனில் குட்டைகள் மரத்தின்மேல் தொங்கிக்கொண்டிருந்தன. 1940-களில் ஒட்டுச் செடிகளைக் கையால் பிடுங்கியும், செப்பு சல்பேட் கரைசலைத் தெளித்து அழித்தும்தான் அங்கே நோயைக் கட்டுப்படுத்த முடிந்தது.

அடுத்து நீர்த்தேக்கங்கள். எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில் பாசனத்துக்காகக் கட்டிய சிறு அணைகளுக்கு அருகே வாழ்ந்த குழந்தைகளையும் தொலைவில் வாழ்ந்த குழந்தைகளையும் ஒப்பிட்டு 1999-இல் ஓர் ஆய்வு வெளியானது. அணைக்கு அருகே இருந்தவர்களிடம் மலேரியா ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுந்திருந்தது. அந்த ஆய்வின் முதல் ஆசிரியர், பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரான டெட்ரோஸ் அதனோம் கெப்ரெயேசஸ். அணையின் நடுவிலுள்ள ஆழமான நீரில் அனாபிலிஸ் புழுக்கள் வாழ்வதில்லை. அலையும் மீனும் அவற்றை விடுவதில்லை. கரை ஓரமும், அணையின் அடியில் கசியும் நீரும்தான் கவனிக்க வேண்டிய இடங்கள். கரை செங்குத்தாக இருந்தால் ஆபத்து குறைவு. மெல்லச் சரியும் தட்டையான கரையாக இருந்தால், நீர் இறங்கும்போது சேற்றிலும் கால்நடைகளின் குளம்படிகளிலும் எண்ணற்ற சிறு குட்டைகள் உருவாகும். மழைக்காலத்தில் மட்டும் காய்ச்சல் வந்துபோகும் வறண்ட பகுதிகளில், கோடையிலும் வற்றாத இந்த ஓரங்கள் கொசுக்களை ஆண்டு முழுதும் உயிரோடு வைத்திருக்கின்றன.

ஆற்றில் நீர் குறைவதும் அதே அளவுக்குக் கேடு செய்யலாம் என்பது முதலில் கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். இலங்கையில் 1934-இல் மழை பொய்த்து, ஆறுகள் ஓட்டம் இழந்து, மணலுக்கும் பாறைகளுக்கும் இடையே குட்டை குட்டையாகத் தேங்கி நின்றன. ஓடும் நீரில் பிழைக்க முடியாத அனாபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்புக்கு, வெயிலில் கிடந்த அந்தத் தெளிந்த குட்டைகள் வாய்ப்பாக அமைந்தன. அடுத்த சில மாதங்களில் பரவிய மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். எப்போதும் ஈரமாக இருந்து, அதுவரை மலேரியாவை அவ்வளவாக அறியாத பகுதிகளில் வாழ்ந்த மக்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டார்கள், ஏனெனில் அவர்களிடம் எதிர்ப்பாற்றல் இல்லை. அணை கட்டி நீரைத் திருப்பும்போதும், கீழே உள்ள ஆற்றுப்படுகையில் இதே போன்ற குட்டைகள் உண்டாகக்கூடும். ஆகவே அணையின் மேற்பக்கத்தை மட்டும் பார்த்து மதிப்பிடுவது போதாது.

நெல்வயல் தனித்துப் பேச வேண்டிய ஒன்று. நீர் நிறுத்தி நாற்று நட்ட முதல் வாரங்களில், பயிர் இன்னும் மூடாமல் வெயில் நீர்ப்பரப்பில் நேரே விழும்போது, ஆப்பிரிக்காவின் காம்பியே வகைக் கொசுக்கள் அங்கே பெருகுகின்றன. பயிர் வளர்ந்து நிழல் விழுந்ததும் அவை குறைகின்றன. இப்படிக் கொசு பெருகியும், பாசன நெல் விளைந்த பல ஆப்பிரிக்க ஊர்களில் மலேரியா கூடவில்லை என்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலம் ஒரு புதிராகவே கண்டார்கள். நெல் தந்த வருமானத்தால் மக்கள் கொசுவலை வாங்கினார்கள், வீட்டைச் செப்பனிட்டார்கள், மருந்து பெற்றார்கள் என்பது ஒரு விளக்கம். மனிதரை மட்டுமன்றி மாட்டையும் கடிக்கும் அரேபியன்சிஸ் என்னும் இனமே அங்கு மேலோங்கியது என்பது மற்றொன்று. ஆனால், 2003-க்குப் பிந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நெல் விளையும் ஊர்களில் மலேரியா கூடுதலாகவே இருப்பது தெரியவந்துள்ளது. கொசுவலை இப்போது எல்லா ஊர்களுக்கும் சென்று சேர்ந்துவிட்டதால், நெல் விளைந்த ஊர்களுக்கு முன்பிருந்த அந்தக் கூடுதல் பாதுகாப்பு மறைந்துவிட்டது என்றே இதற்குக் காரணம் சொல்கிறார்கள்.

கொசு யாரைக் கடிக்கிறது என்பதும் நிலத்தோடு சேர்ந்து மாறும். தென் அமெரிக்காவின் கயானாவில், டிடிடி தெளித்து டார்லிங்கியை ஒழித்த கடலோரப் பகுதியில், 1960-களின் தொடக்கத்தில் மலேரியா மீண்டும் தலைதூக்கியது. இம்முறை அதைப் பரப்பியது, அதுவரை கால்நடைகளைக் கடித்துக்கொண்டு தீங்கின்றி வாழ்ந்த அனாபிலிஸ் அக்குவசாலிஸ். மேய்ச்சல் நிலங்கள் நெல்வயல்களாகி, உழவு மாடுகளின் இடத்தை இயந்திரங்கள் பிடித்தபின், அக்கொசுவுக்கு மனிதரைத் தவிர வேறு இரத்தம் கிடைக்கவில்லை. இதைக் கொண்டு, மாடு வளர்த்தால் மலேரியா வராது என்று எண்ணிவிடக் கூடாது. மனிதரை மட்டுமே நாடும் இனங்கள் உள்ள இடத்தில் மாடுகளால் பெரும் பயன் இல்லை, அவற்றின் குளம்படிகளால் கேடும் உண்டு.

நகரமாதல் மலேரியாவைக் குறைக்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. சாக்கடை கலந்த அழுக்கு நீரைப் பெரும்பாலான அனாபிலிஸ் கொசுக்கள் வெறுப்பதால் அதில் உண்மையும் இருந்தது. தெற்காசிய நகரங்களின் கொசுவான அனாபிலிஸ் ஸ்டெபென்சை மட்டும் இதற்கு விலக்கு. மேல்நிலைத் தொட்டி, கிணறு, கட்டுமான இடங்களில் தேக்கி வைத்த நீர் என மனிதர் சேமிக்கும் தூய நீரிலேயே அது வளர்கிறது. 2012-இல் அது ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மலேரியாவை ஒழிக்கும் நிலையை எட்டியிருந்த அந்நாட்டில் அவ்வாண்டு 27 பேருக்கே நோய் பதிவானது. 2020-இல் அந்த எண்ணிக்கை 73,000-ஐத் தாண்டியது. இக்கொசுவின் வரவு அதில் பெரும் பங்கு வகித்ததாகக் கருதப்படுகிறது. ஆப்பிரிக்க நகரங்கள் வேகமாக வளர்ந்துவரும் இக்காலத்தில், நிலமாற்றம் என்றால் காடும் வயலும் மட்டும் என்று எண்ணிக்கொண்டிருப்பது ஆபத்தானது என்றே நான் நினைக்கிறேன்.

கொசுவை அறிந்தபின் நிலத்தைக்கொண்டே அதைக் கட்டுப்படுத்தவும் முடியும். அமெரிக்காவில் 1933-இல் தொடங்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் அடுத்தடுத்து அணைகளைக் கட்டியபோது, கரையோரச் செடிகளை முன்கூட்டியே அகற்றியதோடு, கொசு பெருகும் பருவத்தில் நீர்மட்டத்தைக் குறித்த இடைவெளியில் ஏற்றியும் இறக்கியும் வந்தது. நீர் இறங்கும்போது ஓரச் செடிகளிடையே ஒளிந்திருந்த புழுக்கள் தரையில் சிக்கிக் காய்ந்தன, அல்லது மறைவின்றி மீன்களுக்கு இரையாயின. நெல்வயலில் நீரைத் தொடர்ந்து நிறுத்தாமல், சில நாள் பாய்ச்சிச் சில நாள் காயவிடும் முறையும் இதே கருத்தைக் கொண்டதுதான். அதனால் நீரும் மிச்சமாகிறது. ஆனால், வயல் உண்மையிலேயே காயும் மண்ணாக இருந்தால்தான் அது பலிக்கும்.

வாட்சனும் மலைச்சரிவுத் தோட்டங்களைக் கைவிடவில்லை. அங்குள்ள ஊற்றுகளையும் சிற்றோடைகளையும் மண்ணுக்கு அடியில் பதித்த குழாய்களுக்குள் திருப்பி, மாக்குலேட்டஸ் முட்டையிடுவதற்கு வெயில் படும் நீரே இல்லாமல் செய்தார். பின்னாளில் அசாமின் தேயிலைத் தோட்டங்களில், வெயில் படும் ஓடைகளின் புல்லோரங்களில் வளரும் அனாபிலிஸ் மினிமஸைக் கட்டுப்படுத்த இன்னும் எளிய வழி ஒன்றைக் கையாண்டார்கள். ஓடைகளின் இரு கரையிலும் அடர்ந்து வளரும் புதர்ச்செடிகளை நட்டு, அவை நீரின்மேல் கவிந்து நிழல் மூடும்படி விட்டார்கள். கிள்ளானின் தாழ்நிலத்தில் மலேரியாவைத் தணிக்க எந்த நிழலை வெட்டி அகற்றினார்களோ, அசாமில் அதே நோயைத் தணிக்க அந்த நிழலை நட்டு வளர்த்தார்கள்.